சுதந்திர தின மேடையில் நாம் சொல்லும் கதைகள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், சுதந்திர தின, குடியரசு தின விழாக்களைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று தெரியும். கொடிக்கம்பத்துக்கு வர்ணம், அணிவகுப்புப் பயிற்சி, மிட்டாய்க்குச் சொல்லி வைப்பது, சிறப்பு விருந்தினரைப் பிடிப்பது, எந்த வகுப்பு எந்தப் பாட்டுக்கு ஆடுவது என்ற பஞ்சாயத்து, எல்லாம் உங்கள் தலையில்தான். இதற்கு நடுவே இன்னொரு வேலையைக் கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கும் மாறுவேடப் போட்டிக்கும் நடுவராக அழைக்கப்பட்டு மேடைக்கு எதிரே உட்காருகிறவன் நான். பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த ஆசைக்குத் தகுந்ததை நாம் அவர்கள் கையில் கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

விழா மேடையில் வரலாறும் நாட்டார் கதையும் சினிமா வசனமும் வாட்ஸ்அப் செய்தியும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. கதையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கதையைக் கதை என்று சொல்லியும், நடந்ததை நடந்தது என்று சொல்லியும் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மாறுவேடப் போட்டியில் தவறாமல் வருகிற திருப்பூர் குமரனிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் குல்லாய், நெற்றியில் சிவப்புச் சாயம். பையன் மேடையில் சாய்கிறான், கையிலிருக்கும் கொடி மட்டும் சாயவில்லை. கைதட்டல். அந்தக் கொடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கடையில் வாங்கிய இன்றைய தேசியக்கொடி, நடுவில் அசோகச் சக்கரம். குமரன் அடிபட்டது 1932 ஜனவரியில். அப்போது காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்தது கைராட்டை. சக்கரம் பொறித்த கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. குமரன் இறந்து பதினைந்து ஆண்டுக்குப் பிறகு வந்த கொடியை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குமரன் பிடித்திருந்தது ஓர் அரசாங்கத்தின் கொடி இல்லை. அது ஆட்சியில் இருந்தவர்கள் வெறுத்த கொடி, அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாலே தடியடி விழும் என்ற காலத்துக் கொடி. திருப்பூர் போன்ற ஊரில் நூலையும் துணியையும் நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த ராட்டை என்ன சொல்லியிருக்கும் என்று ஒரு வகுப்பு நேரம் முழுக்கப் பேசலாம். சக்கரத்தை வைத்ததும் அந்தப் பேச்சு எழாமலே போய்விடுகிறது. ஒரு வெள்ளைத் தாளில் ராட்டை வரைந்து ஒட்டினால் போதும், காசு செலவில்லை. அப்புறம் பாருங்கள், பார்க்க வந்த பெற்றோரில் பாதிப் பேர் ‘இது என்ன கொடி?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டியது.

பாரதி வேடத்துக்கும் இதே கதைதான். 1921-ல் மறைந்துவிட்ட பாரதியின் கையிலும் சக்கரக் கொடி. அவர் பாடிய தாயின் மணிக்கொடி வேறு. அதில் வந்தே மாதரம் என்று எழுதியிருக்கும், ஒருபுறம் இந்திரனின் வச்சிரம், ஒருபுறம் இளம்பிறை. பாட்டிலேயே அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடம் பாட்டைக் கொடுத்து, ‘இந்தக் கொடியை வரைந்து வா’ என்றால் பாட்டும் மனதில் நிற்கும், கொடியும் நிற்கும். ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று அவர் ஆடிப் பாடியதும் விடுதலைக்குப் பிறகு எழுதியது என்றே நிறையப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்காத விடுதலையைக் கிடைத்துவிட்டதாகப் பாட ஒருவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவர் போய் 26 ஆண்டு கழித்து, விடுதலை நாளில் சென்னை வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டைப் பாடினார். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாட்டின் வலிமை பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அடுத்து கட்டபொம்மன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வரி கேட்ட வெள்ளைக்காரனிடம் கட்டபொம்மன் பேசுவதாக மேடையில் முழங்கும் வசனம் 1959-ல் வந்த ஒரு திரைப்படத்தினுடையது. எழுதியவரின் திறமையும் நடித்தவரின் குரலும் சேர்ந்து தமிழ்நாட்டின் மூன்று நான்கு தலைமுறைகளுக்கு அதை மனப்பாடமாக்கிவிட்டன. கேட்டால் எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் பிள்ளைகள் அதைக் கட்டபொம்மனே பேசியதாக எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சுப் போட்டியில் ‘ஜாக்சன் துரையைப் பார்த்து இப்படிக் கேட்டார்’ என்று வரலாறாகவே சொல்கிறார்கள், நாமும் மதிப்பெண் போடுகிறோம்.

நடந்தது என்ன? 1798-ல் கலெக்டர் ஜாக்சன் நிலுவை வரி விஷயமாகப் பேச வரச் சொல்லி ஆணை அனுப்புகிறார். கட்டபொம்மன் போகிறார். குற்றாலத்தில் பார்க்க முடியவில்லை, திருவில்லிபுத்தூரிலும் பார்க்க விடவில்லை. ஊர் ஊராக அலையவிட்டுக் கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்திப்பு. அங்கேயும் மணிக்கணக்கில் நிற்க வைத்தார்கள். கணக்கைப் பார்த்தால், நிலுவையில் பெரும்பகுதியைக் கட்டபொம்மன் ஏற்கெனவே செலுத்தியிருந்தார். அப்படியும் அவரைப் பிடித்து வைக்கப் பார்த்தார்கள். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அதன்பிறகு கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு அனுப்புகிறார். விசாரணை நடக்கிறது. தவறு ஜாக்சன் பக்கம் என்று முடிவாகி அவர் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார்.

இது எங்கோ ஆவணக் காப்பகத்தில் பூட்டிக் கிடக்கும் செய்தி இல்லை. உங்கள் சமூக அறிவியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வகுப்பறையில் படிக்கிற பாடம் மேடைக்கு மட்டும் வருவதில்லை.

கட்டிய வரிக்குக் கணக்குக் காட்டியும், வரச் சொன்ன இடத்துக்கெல்லாம் போயும், முறையாக மனுப்போட்டு ஜெயித்தும், அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தளபதி பானர்மேன் படையெடுத்து வந்து 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள் என்றால் அந்த ஆட்சி எப்படிப்பட்டது? அந்நிய ஆட்சி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? சினிமாவின் கட்டபொம்மன் கர்ஜிக்கிறார். ஆவணத்தின் கட்டபொம்மன் எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஆயுதத்துக்கு வருகிறார். எனக்கு இரண்டாமவர் மேல்தான் மரியாதை கூடுகிறது.

சரி, நாட்டார் கதைகளை என்ன செய்வது? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அந்த இடத்தில் எழும்பியதற்கு ஒரு கதை உண்டு. வேட்டைக்குப் போனபோது ஒரு முயல் வேட்டை நாய்களைத் திருப்பித் துரத்தியதாம். முயலுக்கே இவ்வளவு வீரம் தருகிற மண் என்று அங்கே கோட்டை கட்டினார்களாம். தென்மாவட்டங்களில் பெரியவர்கள் இதைச் சொல்லக் கேட்டுத்தான் பலரும் வளர்ந்திருப்போம். இதே கதையை விஜயநகரம் எழுந்ததற்கும் சொல்கிறார்கள். துங்கபத்திரைக் கரையில் ஹரிஹரர் பார்த்த முயல். இன்னும் வடக்கே போனால் அகமதாபாத் நகரத்தை சுல்தான் அகமது ஷா நிறுவியதற்கும் அதே முயல்தான் காரணம். மூன்று ஊர், மூன்று மொழி, மூன்று ஆட்சி, ஒரே முயல். இதைப் பொய் என்று சொல்லி ஒதுக்கினால் நமக்குத்தான் நஷ்டம். இந்தக் கதையைச் சொன்ன மக்கள் தங்கள் மண்ணைப் பற்றி என்ன நம்ப ஆசைப்பட்டார்கள் என்பதை அது காட்டுகிறது. கதைகள் எப்படி ஊர்விட்டு ஊர் நடந்து போகின்றன என்பதையும் காட்டுகிறது. மூன்று ஊர்க் கதையையும் மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்துச் சொல்ல வைத்துப் பாருங்கள். மூன்றாவது பிள்ளை முயலைப் பற்றி வாயெடுக்கும்போதே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும். நாட்டின், நகரத்தின் பிறப்புக் கதைகள் எப்படி உருவாகின்றன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கட்டபொம்மனையும் அவர் தம்பி ஊமைத்துரையையும் பற்றிய கதைப்பாடல்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நா. வானமாமலை போன்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் பதிப்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும் மக்கள் பாடிப் பாடித்தான் அந்தப் பெயர்களைக் காப்பாற்றினார்கள். மேடையில் அந்தப் பாட்டு வரட்டும், வில்லுப்பாட்டாகவே வரட்டும். ‘மக்கள் இப்படிப் பாடினார்கள்’ என்று ஒரு வரி முன்னால் சொல்லிவிட்டால் போதும்.

இனி ஆகஸ்ட் 15-க்கே வருவோம். இந்த நாளைச் சுற்றி நாம் சொல்லும் சித்திரம் ரொம்ப வழவழப்பானது. நள்ளிரவில் நாடு முழுவதும் விடுதலை பெற்றது, செங்கோட்டையில் கொடி ஏறியது, எல்லோரும் இனிப்பு வழங்கினார்கள். பேச்சுப் போட்டியில் முக்கால்வாசிப் பேச்சுகள் இப்படித்தான் முடிகின்றன.

முதலில் அந்தத் தேதி. 1947 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி சொன்ன கெடு 1948 ஜூன். அதை ஆகஸ்ட் 15 என்று முன்னுக்கு இழுத்தவர் மவுண்ட்பேட்டன். ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு அது, அதனால்தான் மனதில் வந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். நாம் தேர்ந்தெடுத்து வைத்திருந்த விடுதலை நாள் வேறு. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலைத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் ஜனவரி 26 அன்று நாடெங்கும் உறுதிமொழி எடுத்தார்கள். அந்த நாளைக் கைவிட மனமில்லாமல்தான், 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்ட அரசமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்த 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள். ஒரு நாளை நமக்குக் கொடுத்தார்கள், இன்னொரு நாளை நாமே எடுத்துக்கொண்டோம். இதைச் சொல்லாமல் இரண்டு விழாவையும் ஒரே மாதிரி நடத்திவிட்டுப் போகிறோம்.

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா குடியரசு ஆகவில்லை. டொமினியன், அதாவது பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு என்ற நிலையில், 1950 ஜனவரி 25 வரை ஆறாம் ஜார்ஜ்தான் சட்டப்படி மன்னர். மவுண்ட்பேட்டன் 1948 ஜூன் வரை தலைமை ஆளுநர், அவருக்குப் பின் ராஜாஜி. செங்கோட்டையில் நேரு முதன்முதலில் கொடியேற்றியது ஆகஸ்ட் 16 அன்று. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆகஸ்ட் 15 அதிகாலையில் ஏறிய பட்டுக்கொடி இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள பள்ளிகள் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றும் வழக்கம்கூட 1974-ல்தான் வந்தது, அதற்கு முன் ஆளுநர்தான்.

எல்லோரும் ஒன்றுபோல் மகிழ்ந்தார்கள் என்பதும் உண்மையில்லை. காந்தி டெல்லியில் இல்லை. கல்கத்தாவின் பெலியகட்டாவில், கலவரம் மறுபடி மூளாமல் இருக்க, நோன்பிருந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இங்கே பெரியார் அந்த நாளைத் துக்க நாள் என்றார். அவருடைய இயக்கத்திலேயே இருந்த அண்ணா, இல்லை, இது இன்ப நாள் என்று வெளிப்படையாக மறுத்து எழுதினார். தமிழ்நாட்டின் இரண்டு பெரிய தலைவர்கள், ஒரே மேடைக்காரர்கள், விடுதலை நாள் பற்றியே எதிரெதிராக நின்றார்கள். மேல்நிலை வகுப்புப் பட்டிமன்றத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? இரண்டு பக்கத்தையும் பிள்ளைகள் நியாயமாக எடுத்துப் பேசட்டும். ஒரு நாட்டின் பிறப்பைப் பற்றிக் கருத்து வேறுபடலாம், அப்படி வேறுபட்டவர்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று அவர்களுக்குப் புரியட்டும்.

இந்தியா, பாகிஸ்தான் எல்லைக்கோட்டு விவகாரம் இன்னும் கனமானது. எல்லை ஆணையத் தலைவர் ராட்கிளிஃப் வகுத்த எல்லையை வெளியிட்டதே ஆகஸ்ட் 17 அன்று. விடுதலை நாளில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் லட்சக்கணக்கானவர்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது, குல்னாவில் இந்தியக் கொடி. எல்லை வெளியானதும் இரண்டும் மாறின. அதனால்தான் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் சில இடங்களில் இன்றும் ஆகஸ்ட் 18 அன்று கொடியேற்றுகிறார்கள்.

நம் பக்கத்திலேயே காரைக்காலைப் பாருங்கள். நாகப்பட்டினத்துப் பிள்ளை விடுதலை நாள் கொண்டாடியபோது, கூப்பிடு தூரத்திலிருந்த காரைக்கால் பிள்ளை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 அக்டோபரில் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் முடிந்தது. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்து 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. புதுக்கோட்டையில் ஒரு பள்ளியும் திருச்சியில் ஒரு பள்ளியும் ஒரே பேச்சை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

வாட்ஸ்அப் கதைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்று வருடா வருடம் மேடையில் ஒரு பிள்ளையாவது சொல்கிறது. அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. ஹாக்கி தேசிய விளையாட்டு என்று எந்த அரசாணையும் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டதற்கு 2012-ல் மத்திய அரசே அதைச் சொல்லிவிட்டது. விடுதலை 99 ஆண்டுக் குத்தகை என்பது சுத்தப் புரளி. ஜன கண மன ஐந்தாம் ஜார்ஜைப் புகழ்ந்து எழுதியது என்ற பழிக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரசில் அது பாடப்பட்டது. அதே கூட்டத்தில் மன்னரை வரவேற்று வேறொருவர் எழுதிய இந்திப் பாட்டும் பாடப்பட்டது. சில ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் குழப்பி எழுதின. தாகூரே 1937-ல் ஒரு கடிதத்தில் இதை மனம் நொந்து மறுத்தார். நூறு ஆண்டு தாண்டியும் அந்தக் குழப்பம் ஓயவில்லை என்றால், அச்சில் வரும் ஒரு தவறு எவ்வளவு தூரம் பயணிக்கும் என்று பாருங்கள்.

செங்கோலைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் அதை நிறுவிய பிறகு அது மேடைகளுக்கு வந்துவிட்டது. திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் வந்தவர்கள் 1947 ஆகஸ்ட் 14 இரவு நேருவின் வீட்டில் செங்கோல் வழங்கினார்கள் என்பது அன்றைய பத்திரிகைகளிலேயே பதிவான செய்தி. தமிழ்நாட்டிலிருந்து போன மரியாதை அது, அதைச் சொல்வதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அது முதலில் மவுண்ட்பேட்டனிடம் கொடுக்கப்பட்டு, ஆட்சி மாற்றத்தின் அடையாளமாக அவர் கையிலிருந்து நேருவுக்கு வந்தது என்ற பகுதிக்கு அந்தக் காலத்து ஆவணம் எதையும் யாரும் முன்வைக்கவில்லை. முதல் பகுதியை நடந்தது என்று சொல்லுங்கள். இரண்டாவதை அப்படி ஒரு கதை சொல்லப்படுகிறது என்று சொல்லுங்கள். யார் ஆட்சியில் இருந்தாலும் இதே அளவுகோல்தான். தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ ஜூலை 18-ஆ என்ற விவாதம் வந்தாலும் இப்படியே செய்யலாம். மொழிவழி மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1, பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18, அது நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அந்தப் பெயருக்காக உண்ணாவிரதம் இருந்து சங்கரலிங்கனார் உயிர்விட்டது 1956 அக்டோபரில். நான்கையும் பிள்ளைகள் முன் வையுங்கள். நாள் குறிப்பது அரசு எடுக்கும் முடிவு, அது மாறக்கூடியது என்பதை அவர்களால் விளங்கிக்கொள்ள முடியும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. மக்கள் மனதில் எல்லாம் ஜூலை 4-க்குள் அடங்கிவிட்டது. பிரான்சில் பாஸ்டில் சிறையை உடைத்தபோது உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். பாகிஸ்தானின் முதல் விடுதலை அஞ்சல்தலையில் அச்சாகியிருப்பது ஆகஸ்ட் 15, கொண்டாடுவது ஆகஸ்ட் 14.

உங்களில் சிலர் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னால் நாட்டுப்பற்று குறைந்துவிடாதா? நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நாம் சொல்லிக்கொடுத்த கதை தவறு என்று பதினேழு பதினெட்டு வயதில் கைபேசியில் பார்க்கும் பிள்ளை, அந்தக் கதையோடு சேர்த்துக் குமரனையும் கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் சந்தேகிக்கத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். பள்ளியில் உங்களுக்குப் பொய் சொன்னார்கள், உண்மையை நாங்கள் சொல்கிறோம் என்று தங்கள் கதையை விற்க வருவார்கள். அந்த வாய்ப்பை நாமே ஏன் கொடுக்க வேண்டும்? வ.உ.சி. செக்கிழுத்ததை நெஞ்சு வெடிக்க நடித்துக் காட்டுகிறோம். சிறையிலிருந்து வந்தபின் வறுமையில் கிடந்ததையும், கப்பல் கம்பெனி கைவிட்டுப் போனதையும் விட்டுவிடுகிறோம். அதையும் கேட்கிற பிள்ளை அவரைக் குறைவாகவா நினைக்கும்?

வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். மூன்றாம் வகுப்புக்கு முயல் கதையும் ராட்டைக் கொடியும் போதும். எட்டாம் வகுப்புக்கு ஜாக்சன் விசாரணை. மேல்நிலைக்கு ராட்கிளிஃபும் பெரியார், அண்ணா விவாதமும். பேச்சுப் போட்டி விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: சொல்லும் முக்கியச் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று பேச்சாளர் சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் என்றாலும் சரி, தாத்தா சொன்னது என்றாலும் சரி, படத்தில் பார்த்தேன் என்றாலும் சரி, எங்கிருந்து என்று சொன்னாலே மதிப்பெண். தேதிகளையும் பெயர்களையும் வரலாற்று ஆசிரியர் ஒருமுறை பார்த்துக் கொடுத்துவிட்டால் நடுவர்களுக்கும் வேலை சுலபம். இந்த விதிக்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம்.

இன்னொன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 1947-ஐக் கண்ணால் பார்த்து நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். உங்கள் ஊரிலும் ஒருவர் இருவர் இருப்பார்கள். இந்த ஆண்டுப் போட்டித் தலைப்பை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், ‘எங்கள் ஊரில் 1947 ஆகஸ்ட் 15’ என்று வையுங்கள். பிள்ளைகளை ஜூலை மாதமே அவர்களிடம் அனுப்புங்கள். கொடி எங்கே ஏறியது, யார் ஏற்றினார்கள், யாரைக் கூப்பிடாமல் விட்டார்கள், அன்று மிட்டாய் கிடைத்ததா என்று கேட்டு எழுதி வரட்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வரட்டும், யார் சொன்னது என்ற பெயரோடு. விழா முடிந்ததும் அந்தத் தாள்களை எடைக்குப் போட்டுவிடாமல், ஒரு கோப்பில் போட்டுப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேடைக்கு எதிரே அமரும் ஒரு நடுவர்